15 வருஷம் ஆன ஸ்ப்ளெண்டர்: எஃப்சி பாஸ் ஆயிடுச்சுன்னா வண்டி நல்லாருக்குன்னு அர்த்தமா?

2010, 2011ல ரிஜிஸ்டர் ஆன பைக்குகளுக்கெல்லாம் இப்ப ஒண்ணொண்ணா 15 வருஷம் முடியுது. அந்த வருஷங்கள்ல தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் வீட்டுக்கு வீடு வந்து எறங்குனது ஸ்ப்ளெண்டர் பிளஸ் தான், அதனால கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டின்னு எந்த ஊர் கன்சல்டிங் கடைக்குப் போனாலும் அந்த வயசு வண்டி நிக்குது, "எஃப்சி முடிச்ச வண்டிண்ணே, அஞ்சு வருஷத்துக்கு திரும்பிப் பாக்க வேணாம்"னு சொல்லித் தான் விக்கிறாங்க. இன்னொரு பக்கம் டெல்லில 15 வருஷ வண்டிக்கு பெட்ரோல் கெடையாதாம், பழைய வண்டிக்கு ஃபீஸ் டபுள் ஆயிடுச்சாம்னு செய்தி வருது. எல்லாம் ஒண்ணா கலந்து, பழைய வண்டி வாங்கலாமா வேணாமான்னே புரியாம நிறைய பேர் நிக்கிறாங்க.

இதுல மூணு தனித்தனி கேள்வி இருக்கு, அதைப் பிரிச்சிட்டாலே பாதி குழப்பம் போயிடும்.

1. சட்டப்படி இந்த வண்டிய ரோட்ல ஓட்டலாமா?
2. இன்ஸ்பெக்‌ஷன் அன்னைக்கு வண்டி எப்படி இருந்துச்சு?
3. வாங்குனதுக்கு அப்புறம் நடுவழில நிக்காம, ஆளை கீழ தள்ளாம ஓடுமா?

ஆர்டிஓ ஆபீஸ் பேப்பர் முதல் கேள்விக்கு முழுசா பதில் சொல்லும், ரெண்டாவதுக்கு அரைகுறையா சொல்லும், மூணாவதுக்கும் அதுக்கும் சம்பந்தமே கெடையாது.

எஃப்சின்னு நாம சொல்றது எது

மோட்டார் வாகனச் சட்டம் 1988ல ரெண்டு ஏற்பாடு இருக்கு. லாரி, பஸ், வாடகை ஆட்டோ மாதிரி வண்டிக்கு 56வது பிரிவுல தகுதிச் சான்று, அது தான் அசல் எஃப்சி. சொந்த உபயோக பைக், காருக்கு அது கெடையாது, அதுக்கு 41வது பிரிவு தான். ஆர்சி 15 வருஷத்துக்கு செல்லும், அதுக்கப்புறம் வண்டிய காட்டி ஒவ்வொரு தடவையும் 5 வருஷத்துக்கு புதுப்பிச்சுக்கலாம். பேச்சுவழக்குல இதையும் எஃப்சின்னே சொல்றோம்.

இதுலேர்ந்து வர்ற முக்கியமான விஷயம், சொந்த பைக் வாங்குன நாள்லேர்ந்து 15 வருஷம் முடியுற வரைக்கும் அரசாங்கம் அதை ஒரு தடவை கூட பரிசோதிக்கிறதில்ல. நடுவுல இருக்கறது புகை சர்டிஃபிகேட் மட்டும் தான். 15 வருஷ வாழ்க்கைக்கு ஒரே ஒரு பரிசோதனை, அதுவும் சில நிமிஷம், இந்த அளவுலயே அந்தப் பேப்பரோட எடைய வச்சுக்கணும்.

நசுக்கிடுவாங்களான்னு கேக்கறவங்களுக்கு: 10 வருஷ டீசல், 15 வருஷ பெட்ரோல்ங்கற கட்டுப்பாடு டெல்லியும் அதைச் சுத்தின பகுதிக்கும் தான். அரசு வண்டிகளுக்கு மட்டும் 15 வருஷத்துக்கு மேல ஆர்சி புதுப்பிக்கிறதில்லன்னு 2023 ஏப்ரல் 1லேர்ந்து விதி இருக்கு. நம்ம ஊர்ல தனியார் பைக்குக்கு வயசு மட்டுமே காரணமா வச்சு தடை எதுவும் இல்ல, தகுதியா இருந்தா புதுப்பிச்சுக்கலாம்.

ஃபீஸ் விஷயம்: 15 வருஷம் தாண்டுன பைக்குக்கு புதுப்பிக்கிற கட்டணம் 300 ரூபாயா இருந்தது 2022 ஏப்ரல் 1லேர்ந்து 1000 ஆச்சு, 2025 ஆகஸ்ட்ல 20 வருஷம் தாண்டுனதுக்கு 2000 ஆக்குனாங்க. டபுள்ங்கற செய்தி அந்த 20 வருஷ வண்டிக்கு. தமிழ்நாட்டுல பசுமை வரி இதுக்கு மேல தனி.

பிரேக் இன்ஸ்பெக்டர் எதைப் பாக்கறாரு

புதுப்பிக்க ஃபார்ம் 25 போடணும், ஆர்சி முடியறதுக்கு 60 நாள் முன்னாடிலேர்ந்து போடலாம். வண்டிய நேர்ல கொண்டு போகணும். சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் ஆர்சியோட ஒத்துப் போவுதா, ஹெட்லைட், இண்டிகேட்டர், பிரேக் லைட் எரியுதா, ஹாரன், கண்ணாடி, நம்பர் பிளேட், சைலன்சர், பிரேக், டயர், இன்சூரன்ஸ், புகை சர்டிஃபிகேட் இதெல்லாம் தான் கணக்கு. கம்பெனி குடுத்த அமைப்ப மாத்தி வெட்டி ஒட்டி வச்சிருந்தா 52வது பிரிவுல மாட்டும்.

அவரு இன்ஜினத் திறந்து பாக்கப் போறதில்ல, கம்ப்ரெஷன் அளக்கப் போறதில்ல, பின் சக்கரத்தத் தாங்கற ஸ்விங் ஆர்ம்ல இருக்கற புஷ் தேஞ்சிருக்கா, சேசிஸ் குழாய்க்குள்ள துருப்பிடிச்சிருக்கான்னு பாக்கறதுக்கு அந்த இடத்துல வசதியும் கெடையாது. அது அவரோட குறையில்ல, அந்தப் பரிசோதனையோட நோக்கமே வேற. இந்த வண்டி அடுத்தவனுக்கு ஆபத்தா இல்ல, திருட்டு வண்டி இல்ல, அவ்வளவு தான் அதுல உறுதி.

ரெண்டு அளவ மட்டும் பாருங்க, குறைஞ்சபட்சம்னா எவ்வளவு குறைவுன்னு புரியும். பைக் டயர்ல பட்டை ஆழம் 0.8 மில்லிமீட்டர் இருந்தா விதிப்படி போதும். ஐப்பசி மழைல வாய்க்கா கரை மேல களிமண் ரோட்ல 0.8 மில்லி டயரோட போனா என்ன ஆகும்னு இந்தப் பக்கம் வண்டி ஓட்டுறவங்களுக்கு சொல்லத் தேவையில்ல. அடுத்தது புகை. 2000க்கு அப்புறம் வந்த ஃபோர் ஸ்ட்ரோக் பழைய பைக்குக்கு ஐடிலிங்ல கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 4500 பிபிஎம் வரைக்கும் அனுமதி. பெட்ரோல் வண்டில நீலப் புகைய, அதாவது ஆயில் எரியறத, இந்த மெஷின் நேரா அளக்கறதில்ல. கார்புரேட்டர் ஸ்க்ரூவ கொஞ்சம் திருப்பி வச்சா பிஸ்டன் ரிங்ஸ் தேஞ்ச வண்டி கூட பாஸ் ஆக வாய்ப்பு இருக்கு. 2010, 2011 வண்டிக்கு அந்த சர்டிஃபிகேட் 6 மாசம் தான் செல்லும், பின்னாடி வந்த புகை விதிப்படி செஞ்ச பிஎஸ்4, பிஎஸ்6 வண்டிக்குத் தான் 12 மாசம்.

"இந்த மாடல் எஃப்சில 95 சதவீதம் பாஸ்"னு யாராவது சொன்னா

நம்பாதீங்க. இங்க மாடல் வாரியா எத்தனை வண்டி பாஸ், எத்தனை ஃபெயில், எதுல ஃபெயில்ங்கற கணக்கு பொதுமக்கள் எடுத்துப் பாக்கற மாதிரி வர்றதில்ல. இங்கிலாந்துல நெலமை வேற. அங்க பைக்குக்கு 3 வருஷம் ஆனதுலேர்ந்து வருஷா வருஷம் எம்ஓடி பரிசோதனை கட்டாயம், வண்டி நம்பரப் போட்டா இதுவரைக்கும் எந்த வருஷம் எதுல ஃபெயில் ஆச்சு, அப்ப எவ்வளவு மைல் ஓடியிருந்துச்சுங்கற வரைக்கும் யாரு வேணும்னாலும் காசில்லாம பாக்கலாம், 2018 மே 20லேர்ந்து குறைகள ஆபத்தானது, பெரிசு, சின்னதுன்னு தரம் பிரிச்சே எழுதறாங்க. பழைய வண்டி வாங்கறவனுக்கு அது எவ்வளவு பெரிய துணைன்னு யோசிச்சுப் பாருங்க, இங்கயும் அப்படி ஒண்ணு வரணும், நம்ம சனங்க கடன் வாங்கித் தான் பழைய வண்டியே வாங்குது.

அதே சமயம், அப்படி ஒரு கணக்கு இங்க வந்தாலும் அதை வச்சு மாடலோட தரத்த நேரா சொல்லிட முடியாது. காரணம்:

1. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்றதே தேறும்னு நெனைக்கிற வண்டி மட்டும் தான். தேறாத வண்டி பழைய இரும்புக்குப் போயிருக்கும், இல்லன்னா ஆர்சி முடிஞ்சும் ஊருக்குள்ள வயலுக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடிக்கிட்டு இருக்கும், கணக்குலயே வராது.
2. வர்றதுக்கு முந்தின வாரம் மெக்கானிக் கிட்ட விட்டு லைட்டு, ஹாரன், பிரேக் ஷூ எல்லாம் மாத்தித் தான் கொண்டு வர்றாங்க. பாஸ் ஆவுறது அந்த வார வேலை, 15 வருஷப் பராமரிப்பு இல்ல.
3. அதிகம் வித்த மாடல் எண்ணிக்கைல பாஸ்லயும் அதிகமா இருக்கும், ஃபெயில்லயும் அதிகமா இருக்கும்.

ஸ்ப்ளெண்டருக்கு நல்ல பேர் வந்ததுக்கு காரணம் இருக்கு

1994ல ஹீரோ ஹோண்டா கொண்டு வந்த வண்டி, 2004ல பிளஸ் வந்துச்சு, 2010 டிசம்பர்ல ஹீரோவும் ஹோண்டாவும் பிரியறதா அறிவிச்சாங்க. அதனால 2011 வண்டில டாங்க் ஸ்டிக்கர் ரெண்டு விதமாவும் இருக்கும், ஸ்டிக்கர வச்சு வருஷம் சொல்ல முடியாது, ஆர்சில இருக்கற தயாரிப்பு மாசம் தான் கணக்கு.

97.2 சிசி, ஒத்தை சிலிண்டர், காத்துலயே ஆறுற இன்ஜின், சுமார் 7.5 குதிரைத்திறன். சக்தி கம்மிங்கறது தான் இதோட பலம், உள்ள இருக்கற எந்தப் பாகத்துக்கும் பெருசா அழுத்தம் வராது. ரேடியேட்டர் கெடையாது, பெட்ரோல் பம்ப் கெடையாது, அந்த வயசு வண்டில சென்சார் தொல்லை கெடையாது. எல்லாத்துக்கும் மேல, வலங்கைமான்லயோ முத்துப்பேட்டைலயோ நின்னு போனாலும் பார்ட்ஸ் கெடைக்கும், கை வைக்கத் தெரிஞ்ச மெக்கானிக் இருப்பாரு.

பலவீனமும் இருக்கு. இந்த இன்ஜினுக்கு ஊத்தற ஆயில் பாட்டிலே 900 மில்லி தான். அதுல 300 மில்லி கொறைஞ்சா மூணுல ஒரு பங்கு போச்சு, அதே ஆயில் தான் இன்ஜினையும் கிளட்சையும் கியரையும் காப்பாத்தணும். ஆயில் கொறைஞ்சு ஓடுன வண்டில மொதல்ல மேல கேம் பக்கமும் டைமிங் செயினும் சத்தம் போடும், அப்புறம் போர் பிஸ்டன். "ஸ்ப்ளெண்டர் தானே, ஓடும்"னு விட்டு விட்டே கெட்டுப் போன இன்ஜின் தான் நிறைய, நல்ல பேரே அதுக்கு எதிரியாப் போன கதை அது.

டெல்டால ஓடுன வண்டிக்கு என்ன ஆகும்

ஒரே வருஷம், ஒரே மாடல், ரெண்டு வண்டி. ஒண்ணு தஞ்சாவூர் டவுன்ல வாத்தியார் ஒருத்தர் ஸ்கூலுக்குப் போய் வந்தது, இன்னொண்ணு வேதாரண்யம் பக்கம் உப்பளத்துக்குப் போய் வந்தது. ரெண்டும் இன்ஸ்பெக்‌ஷன்ல பாஸ் ஆகும். ஆனா ரெண்டும் ஒரே வண்டி இல்ல. இந்தப் பக்கம் வண்டிய தின்னுறது மூணு: உப்பு, தண்ணி, பாரம்.

உப்பு. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, கோடியக்கரை பக்கம் காத்துலயே உப்பு இருக்கு, ஆனா அதை விட மோசம் மீன் வண்டி. பின்னாடி கேரியர்ல ஐஸ் பெட்டி வச்சு ஓட்டுன வண்டில, ஐஸ் கரைஞ்ச உப்புத் தண்ணி தினமும் ஒரே இடத்துல சொட்டும்: பின் மட்கார்டு அடிப்பக்கம், ஷாக் அப்சார்பரோட மேல் போல்ட், ஸ்விங் ஆர்ம், செயின் கவர். விக்கும்போது பெட்டியக் கழட்டி, கேரியர மாத்தி, மேல பெயிண்ட் அடிச்சிருப்பாங்க, பளபளன்னு இருக்கும். சீட்ட கழட்டிட்டு பின் பக்கம் சேசிஸ் குழாய் ஒட்டு போட்ட இடத்த விரல் நகத்தால சுரண்டிப் பாருங்க, பெயிண்ட் பத்தையா பேந்து உள்ள பொடியா செவப்பு வந்தா அந்த வண்டி வேணாம். இன்ஜின் போனா மாத்தலாம், சேசிஸ் போச்சுன்னா வண்டியே போச்சு.

தண்ணி. வடகிழக்குப் பருவமழைக்கு வருஷா வருஷம் ஏதோ ஒரு ஊர்ல வாசல் வரைக்கும் தண்ணி வருது. 2018 நவம்பர் 16 கஜா புயல்ல வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டை பக்கம் மரம் விழுந்ததும் தண்ணி நின்னதும் எல்லாருக்கும் தெரியும், அதுல நனைஞ்ச வண்டி இன்னைக்கும் கை மாறிக்கிட்டு தான் இருக்கு. தண்ணில மூழ்குன வண்டிய இன்ஜின் ஆயில் மாத்தி ஸ்டார்ட் பண்ணிடலாம், சக்கர பேரிங்கும், ஹேண்டில்பார் கழுத்துல இருக்கற கோன் செட்டும், ஒயருங்க சேர்ற கப்ளரும் தான் அப்புறம் ஒண்ணொண்ணா போகும். ஹெட்லைட்டக் கழட்டி கிண்ணத்துக்குள்ள பாத்தா ஒயர் கப்ளர்ல பச்சை பூத்திருக்கும், ஏர் ஃபில்டர் பெட்டிக்குள்ள மூலைல வண்டல் காஞ்சு கோடு மாதிரி நிக்கும். இப்ப பங்க்ல வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் வரைக்கும் எத்தனால் கலந்திருக்கு, அது ஈரத்த இழுக்கும், மாசக் கணக்கா நிறுத்தி வச்ச பழைய வண்டின்னா டாங்க் அடில துருவும் கார்புரேட்டர்ல அடைப்பும் வரும்.

பாரம். நெல் கொள்முதல் நிலையத்துல மூட்டை 40 கிலோ. ரெண்டு மூட்டையும் ஓட்டுற ஆளும் சேந்தா சுமார் 110 கிலோ எடையுள்ள வண்டி மேல அதை விட அதிக பாரம். குறுவை, சம்பா, தாளடின்னு வருஷம் பூரா உரமூட்டையும் நெல்லும் ஏத்துன வண்டில பின் ஷாக் அப்சார்பர் படுத்துடும், ஸ்போக்ஸ் தளரும், ஸ்விங் ஆர்ம் புஷ் தேஞ்சு பின் சக்கரம் ஆடும். அறுப்பு சமயம் ரோட்ல காயப் போட்ட வைக்கோல் மேல ஓட்டி ஓட்டி செயின் கவருக்குள்ள வைக்கோல் சுத்தியிருக்கும். ஸ்ப்ளெண்டருக்கு செயின் முழுசா மூடியிருக்கறதால வெளில தெரியாது, கவர்ல இருக்கற ரப்பர் மூடியக் கழட்டினா தான் உள்ள பாக்க முடியும்.

நம்பர் பிளேட்ட வச்சு முடிவு பண்ணிடாதீங்க. டிஎன் 49 தஞ்சாவூர், 50 திருவாரூர், 51 நாகப்பட்டினம், 68 கும்பகோணம், 82 மயிலாடுதுறை. அது ரிஜிஸ்டர் பண்ணுன இடம், ஓடுன இடம் இல்ல. கும்பகோணம் நம்பர் வண்டி நாகூர்ல மீன் சுமந்திருக்கலாம்.

வாங்கறதுக்கு முன்னாடி நம்மளே பாக்கற இன்ஸ்பெக்‌ஷன்

மாட்டுச் சந்தைல பல்லப் புடிச்சுப் பாக்காம யாரும் மாடு வாங்கறதில்ல, இதுவும் அப்படித் தான். விக்கிறவருக்கு முன்கூட்டியே சொல்லி, வண்டிய ஸ்டார்ட் பண்ணாம வைக்கச் சொல்லிட்டுப் போங்க, சூடான இன்ஜின் நிறைய விஷயத்த மறைச்சிடும்.

1. ஆயில் ஸ்டிக்கக் கழட்டித் தொடச்சு, மரையத் திருகாம சும்மா உள்ள விட்டு எடுத்து அளவு பாருங்க. காபி கலர்ல இருந்தா தண்ணி கலந்திருக்கு.
2. குளிர்ந்த இன்ஜின கிக்கர்ல ஸ்டார்ட் பண்ணுங்க. ஸ்டார்ட் ஆன உடனே வந்து நின்னுடற சத்தம் பெருசில்ல. சூடான பிறகும் இடது பக்கம் கரகரன்னு வந்தா டைமிங் செயின், டென்ஷனர் வேலை. ஆக்சிலரேட்டர முறுக்கி விடும்போது நீலப் புகை வந்தா ரிங்ஸ், வால்வ் சீல் செலவு இருக்கு.
3. சென்டர் ஸ்டாண்ட் போட்டு பின் சக்கரத்த மேல ஒரு கை, கீழ ஒரு கை புடிச்சு குறுக்க ஆட்டுங்க. ஆடுனா பேரிங் இல்லன்னா ஸ்விங் ஆர்ம் புஷ். எதுன்னு தெரிய இன்னொருத்தர் ஸ்விங் ஆர்ம்ல கைய வச்சுப் பாத்தா போதும், அதுவும் சேந்து ஆடுனா புஷ் தான்.
4. முன் சக்கரத்த தூக்கி ஹேண்டில்பார மெதுவா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்புங்க. நேரா வர்ற இடத்துல பள்ளத்துல விழுந்த மாதிரி நின்னா கோன் செட் போயிடுச்சு.
5. பிரேக் பெடல முழுசா மிதிச்சுக்கிட்டு பின் டிரம்ல பிரேக் கை மேல இருக்கற அம்புக்குறியப் பாருங்க. அது தட்டுல இருக்கற அடையாளத்தத் தொட்டுடுச்சுன்னா ஷூ முடிஞ்சிடுச்சு. 2019 ஏப்ரலுக்கு முந்தின வண்டில சிபிஎஸ் பிரேக், அதாவது ஒண்ண மிதிச்சா ரெண்டு சக்கரத்துலயும் புடிக்கற பிரேக், கட்டாயம் இல்ல, ஆக முன் டிரம், பின் டிரம் ரெண்டும் தனித்தனியா சரியா புடிச்சே ஆகணும். இதுல மட்டும் விட்டுக் குடுக்காதீங்க.
6. முன் ஃபோர்க்ல ஆயில் கசிவு, வளைவு. வண்டிக்கு பின்னாடி பத்தடி தள்ளி உக்காந்து பாத்தா ரெண்டு சக்கரமும் ஒரே கோட்டுல தெரியணும். வாய்க்கால்ல விழுந்த வண்டி இதுல மாட்டிக்கும்.
7. ஹேண்டில்பார் கழுத்துல அடிச்சிருக்கற சேசிஸ் நம்பர ஆர்சியோட எழுத்து எழுத்தா ஒத்துப் பாருங்க. சுத்தி கிரைண்டர் போட்ட தடம், புது பெயிண்ட் இருந்தா அங்கயே நிறுத்திடுங்க.

கிலோமீட்டர் ரீடிங்குக்கு மதிப்பு குடுக்க வேணாம், மீட்டர் கேபிளக் கழட்டி விட்டு ஓட்டுனா எண்ணிக்கை நின்னுடும். கியர் பெடல் ரப்பர், ஃபுட்ரெஸ்ட், கிக்கர் தேய்மானம் அதை விட நல்ல சாட்சி.

பேப்பர் விஷயத்துல யாரு எதைப் பண்ணணும்

எம்பரிவாகன் ஆப்ல வண்டி நம்பரப் போட்டு ஆர்சி எந்த தேதி வரைக்கும், இன்சூரன்ஸ், ஃபைனான்ஸ் கடன் பாக்கி பதிவு இருக்கான்னு பாத்துக்கலாம். கடன் முடிச்சும் பதிவு நிக்குதுன்னா விக்கிறவரு ஃபார்ம் 35 போட்டு எடுத்துத் தரணும்.

ஆர்சி முடிஞ்ச வண்டிய ரோட்ல ஓட்டுனா 192வது பிரிவுல முதல் தடவையே 5000 ரூபாய் வரைக்கும் அபராதம் வரும், விபத்துன்னா இன்சூரன்ஸ் கம்பெனி தகராறு பண்ண அதுவே காரணமாயிடும். அதனால 15 வருஷம் நெருங்குற வண்டின்னா, பழைய ஓனர் பேர்லயே புதுப்பிச்சு வாங்கிட்டு அப்புறம் பேர் மாத்தறது தான் வாங்கறவருக்குப் பாதுகாப்பு. "நீங்களே எஃப்சி பண்ணிக்குங்க, விலைல கொறைச்சுக்கறேன்"னு சொன்னா, இன்ஸ்பெக்‌ஷன்ல ஏதாவது தடை வந்தா அந்தத் தலைவலி முழுக்க வாங்குனவருக்கு.

பேர் மாத்தறதுக்கு ஃபார்ம் 29, 30. வித்தவரு 14 நாளுக்குள்ள தெரிவிக்கணும், வாங்குனவரு 30 நாளுக்குள்ள பண்ணணும். வாங்கறவர் பேர் எழுதாத ஓபன் ஃபார்ம்ல கையெழுத்து வாங்கி வச்சுக்கிட்டு வருஷக் கணக்கா ஓட்டுற பழக்கம் நம்ம பக்கம் அதிகம், வித்தவங்க தான் இதுல பயப்படணும். ஆர்சில பேர் யாரு மேல இருக்கோ அவரு தான் சட்டத்துக்கு ஓனர், விபத்து இழப்பீடும் அவரு பொறுப்புன்னு 2018ல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லியிருக்கு, அந்த வழக்குல வண்டி பல கை மாறியிருந்துச்சு. காசு வாங்குன அன்னைக்கே டெலிவரி நோட்ல தேதியும் நேரமும் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு, ஃபார்ம் 29 ஒரு காப்பிய ஆர்டிஓ ஆபீஸ்ல குடுத்து சீல் வாங்கி வச்சுக்குங்க.